எஞ்சினுக்குள் மோர்

மோர் குடியுங்கள் தம்பி. பயப்பட வேண்டாம், இது எஞ்சினில் எடுத்தது இல்லை. கடைப் பாக்கெட் தயிரில் அடித்தது. கொல்லையில் பசுமாடு கத்துவது உங்களுக்கே கேட்கும். ஆனால் அது இப்போது எங்கள் மாடு இல்லை. என் ஓரகத்தி வடிவு இருக்கிறாளே, அவளுடைய மாடு. என் கொழுந்தனாரின் பெண்டாட்டி. அதனால் ஒரே கூரைக்குக் கீழே மாடும் இருக்கிறது, பாக்கெட் தயிரும் இருக்கிறது. உப்பு சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். போட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் வண்டியைப் பூட்டினீர்களா? பூட்டியிருந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். புளியங்குடியில் எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறு எதுவும் களவு போகாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் இப்போது வந்துவிடுவார். மூக்கையா மாமாவைக் கூப்பிடப் போயிருக்கிறார். எதற்கு என்றா கேட்கிறீர்கள்? நீங்கள் வாங்க வந்திருக்கிற காரின் சாவி இவரிடம் இருக்கிறது. ஆர்.சி. புக் கொழுந்தனார் ஞானலிங்கத்திடம். பஞ்சாயத்தில் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. கொழுந்தனார் குடும்பம் இருப்பது இதோ, இந்தக் கதவுக்குப் பின்னால், பின்கட்டில். கதவைத் தள்ளினால் வடிவு உட்கார்ந்து சாமான் கட்டுவது தெரியும். புக் அவள் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் இவர் போய்க் கேட்க மாட்டார். மூக்கையா மாமா பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருந்து வெயிலில் வந்து, இந்தக் கதவைத் தள்ளி, அந்தப் புக்கை வாங்கி, இந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் நீங்கள் உட்கார வேண்டியதுதான். நேரம் ஆகிறதோ? ராஜபாளையம் போகிறவர், இருட்டுவதற்குள் போய்விடுவீர்களா? அந்த ரோட்டில் லாரிக்காரர்கள் விளக்கை இறக்கவே மாட்டார்கள்.

வாசலில் லோடு ஆட்டோ நிற்கிறதே, பார்த்தீர்களா. கட்டில், ஆட்டுக்கல், துணி மூட்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இன்று சாயந்திரம் அவர்கள் வாசுதேவநல்லூருக்கு வாடகை வீடு பார்த்துப் போகிறார்கள். கொழுந்தனார் நேற்றே போய்விட்டார், வீட்டைக் கழுவிவிட. இந்தக் கார் விற்கிறதுக்காகத்தான் காத்திருந்தார்கள். மாட்டை மட்டும் நாளைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்களாம்.

போகட்டும். எனக்கு என்ன வந்தது. ஒரே ஒரு கஷ்டம்தான். நானும் அவளும் சேர்ந்து சமைத்த காலத்தில் புளி என் கையில், உப்பு அவள் கையில். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படிப் பழகிவிட்டது. நான் புளியைக் கரைத்து ஊற்றுவேன், அவள் வந்து உப்பைப் போட்டுவிட்டுப் போவாள். அவள் அடுப்பைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து எனக்கு உப்பு என்கிற நினைப்பே வருவதில்லை. எங்கள் வீட்டுக்காரர் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். அந்தப் பக்கம் கொழுந்தனார் புளி இல்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். இரண்டு பேருக்கும் ரோஷம் அதிகம்.

நீங்கள் பானெட்டைத் திறந்து பார்த்தபோது உங்கள் முகம் கோணியதைக் கவனித்தேன். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து விற்றேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. நான் ஆறாவதோடு நின்றவள், எனக்கு மறைக்கத் தெரியாது.

கார் எங்கள் மாமனார் வாங்கியது. எலுமிச்சைக்கு நல்ல விலை இருந்த காலம். அவருக்கு ஐசக் என்று ஒரு டிரைவர் இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் ஐசக் ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார். ஐசக் போனபிறகு அந்த வேலை யாருக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வீட்டில் பெயர் இல்லாத வேலையெல்லாம் யாருக்கு வரும்? வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குத்துவிளக்கு விளக்குகிறது, செம்புக்குடம் தேய்க்கிறது, வாசல் தெளிக்கிறது, காருக்குத் தண்ணீர் மாற்றுகிறது. மற்றவர்கள் எழுந்து வரும்போது எல்லாம் பளபளவென்று இருக்கும். தானாகவே பளபளத்துக்கொண்டது என்று நினைப்பார்கள். அது கிடக்கட்டும். நான் கூலண்டுக் கதைக்கு வருகிறேன்.

மாமனார் போனபிறகு கார் அண்ணனுக்கு ஒரு வாரம், தம்பிக்கு ஒரு வாரம். நல்லபடியாகத்தான் ஓடியது. போன வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. செல்போனில் கார் வைத்தியம் பார்ப்பது. சாப்பிடும்போது ஒருவன் எஞ்சினைக் கழற்றுவான், படுக்கும்போது ஒருவன் மாட்டுவான். அதற்குப் பிறகு காரை ஓட்டுவதைவிட முகர்ந்து பார்ப்பது அதிகமாகிவிட்டது. இந்த வருஷம் மெக்கானிக் ஜெபராஜ் வேறு சொல்லிவிட்டான், வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள் அண்ணாச்சி, இனிமேல் கூலண்டுதான் ஊற்ற வேண்டும், அதுதான் எஞ்சின் சூட்டை அடக்கும் என்று. கேனில் வாங்கி வந்தார். அதை எங்கே வைத்தார் தெரியுமா? பீரோவில், என் பட்டுப்புடவைக்கு அடியில், பூட்டி. ஊற்றும்போதும் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊற்றுவார். பெண்கள் கண் படக்கூடாத லேகியம் மாதிரி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மூடியைத் திறந்து பார்த்தால் கூலண்டைக் காணோம். தண்ணீர்தான் இருக்கிறது. மறுபடி வாங்கி ஊற்றினார். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் மறுபடியும் காணோம்.

என்னிடம் வந்தார். "ஏட்டி, கார்ல இருந்து யாராவது எதையாவது எடுத்தியளா?"

"கார்ல எடுக்கதுக்கு என்ன இருக்கு? ஒங்க துண்டு கெடந்துச்சு, தொவைச்சுப் போட்டேன்."

"துண்டு இல்லட்டி. உள்ள இருந்து."

"நான் எதுக்கு எடுக்கேன்? எடுத்து என்ன கொழம்பா வைக்கப் போறேன்?"

நான் சொன்னது சத்தியம். இந்த வீட்டில் நான் எதையும் எடுத்தவள் இல்லை, ஊற்றினவள்.

ஜெபராஜ் வந்தான். நல்ல பையன், காதில் மட்டும் பேனாவைச் சொருகிக்கொண்டு திரிவான், கண்ணில் குத்திவிடுமோ என்று எனக்குப் பக்கென்று இருக்கும். காருக்கு அடியில் அட்டையை விரித்துப் போட்டுப் பார்த்தான், ஒரு சொட்டு கசியவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பின்னால் போய் நின்றான், வெள்ளைப் புகை இல்லை. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்தான். கறுப்பாக, வழுவழுவென்று இருந்தது.

"எண்ணெய் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. தண்ணி கலக்கல. கேஸ்கெட் நல்லாருக்கு."

"அப்ப கூலண்டு எங்கல போகுது?"

"அது தானா போகல. யாரோ கீழ்க்குழாய் வழியா வடிச்சிட்டு, தெரியாம இருக்கதுக்குத் தண்ணி ஊத்தி வைக்காங்க."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எடுத்ததுக்குப் பதிலாத் தண்ணிய ஊத்தி வைக்கது பால்க்காரப் புத்தில்லா?" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்தார். கொல்லையில் மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் வடிவு. தெருவில் பாதி வீட்டுக்கு அவள்தான் பாலும் மோரும் ஊற்றுகிறாள். அதோடு கொழுந்தனாரிடம் லோடு ஆட்டோ இருக்கிறது, அதற்கும் சூடு ஏறும்தானே. இவருக்குக் கணக்கு நேராகிவிட்டது. தம்பி சொல்கிறான், தம்பி பெண்டாட்டி வடிக்கிறாள், ஆட்டோ குடிக்கிறது.

நான் நம்பவில்லை தம்பி. வடிவு அப்படிப்பட்டவள் இல்லை. வாயாடிதான், ஈரத்துணியை என் துணிமேலேயே காயப்போடுவாள்தான். துணி துவைத்த சோப்புத் தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றி, கொட்டகை ஓரத்தில் நான் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியைப் பட்டுப்போக வைத்தவளும் அவள்தான். நான் வாரா வாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. அவ்வளவு செழிப்பாக இருந்தது, இந்த வருஷம் அடியோடு கருகிவிட்டது. இல்லை என்று சாதித்தாள். "அக்கா, நான் அந்தப் பக்கமே வரல" என்றாள். சரி, அது வேறு. ஆனாலும் களவாணி இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் பானெட்டுக்குச் சங்கிலி போட்டார். சைக்கிள் சங்கிலி மாதிரி ஒன்று, அதில் ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவியைச் சாமி அறையில் மாட்டிவிட்டு, "இதை யாரும் தொடக்கூடாது" என்றார். நான் அதை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை காலையில் சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, என் வேலையை முடித்து, பூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, மறுபடி பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை மாட்டினேன். அவ்வளவு காவல். அப்படியும் களவு போயிற்று.

அதற்குப் பிறகு அவரே காவல் இருந்தார். கொட்டகையில் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் கம்பை வைத்துக்கொண்டு. விடிகிற நேரத்தில் நான் போகும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. எழுப்பக்கூடாது என்று குடம் இடிபடாமல், குழாய் சத்தம் கேட்காமல், பூனை மாதிரி தண்ணீரை மாற்றிவிட்டு வந்தேன். எழுந்து மூடியைத் திறந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் இருக்கும்போதேவா" என்றார்.  எப்பேர்ப்பட்ட களவாணியாக இருந்தால் ஒரு மனிதன் மூச்சுவிடுகிற தூரத்தில் வந்துவிட்டுப் போவான். அன்றிலிருந்து நான் கொல்லைக்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டேன்.

மோர் வைத்துவிட்டீர்களே. உப்பு இல்லையா? சொல்ல வேண்டியதுதானே. இருங்கள், கொண்டு வருகிறேன்.

இந்தாருங்கள். தண்ணீரும் வைத்திருக்கிறேன், இது குடிதண்ணீர்தான், பயமில்லாமல் குடிக்கலாம். மற்றதுக்கெல்லாம் எங்களுக்குப் போர் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று அந்தப் பொட்டல்மாடசாமிக்குத்தான் தெரியும். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. வெந்நீர் வைக்கிற பானையில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிவிடும், சுரண்டிச் சுரண்டி என் நகமெல்லாம் போயிற்று. ஆனால் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். துணிக்கு, பாத்திரத்துக்கு, காருக்கு எல்லாம் அதுதான்.

எங்கே விட்டேன்? ஆவணியில் தென்காசியில் ஒரு கல்யாணம். ஒரே காரில் போனோம். அண்ணனும் தம்பியும் முன்னால், நானும் வடிவும் பின்னால். முன்னால் இரண்டு பேரும் பேசவில்லை, பின்னால் நாங்கள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. கடையநல்லூர் தாண்டினவுடன் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போயிற்று. இவர் அதைத் தட்டிப் பார்த்தார். தட்டினால் இறங்குமா? பானெட் இடுக்கெல்லாம் ஆவி வந்தது. "அக்கா, ஒரு ஈடு இட்லி வச்சு எடுத்துரலாம் போலுக்கே" என்றாள் வடிவு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணாடி வழியாக இவர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. நானும் அவளும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஜெபராஜ் திறந்து பார்த்தான். எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகி எடுத்தான். மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது. கம்பியை உருவினால் கெட்டியாக, வெள்ளையாக, சொட்டுச் சொட்டாக விழுகிறது. எண்ணெய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டு இலையில் ஊற்றினால் பிசைந்துவிடுவார்கள்.

"ஹெட் கேஸ்கெட் போயிட்டு அண்ணாச்சி. இப்பத்தான் போயிருக்கு. சூடு ஏறி ஏறித் தகடு வெந்துட்டு. தண்ணி எண்ணெய்க்குள்ள எறங்கிட்டு."

எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு தகடாம், தண்ணீரை ஒரு பக்கமும் எண்ணெயை ஒரு பக்கமும் பிரித்து வைக்குமாம். எங்கள் பின்கட்டுக் கதவு மாதிரி.

இவர் கேட்டார், "ஏலே, எண்ணெயும் தண்ணியும் எங்கயாவது ஒட்டுமால?"

"எஞ்சின் போட்டு அடிக்கில்லா, அதான் கலந்துட்டு."

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்ல, எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. தண்ணி கலந்தா வெள்ளையா வருமா? மோர் கலந்தாதான் வெள்ளையா வரும்."

ஜெபராஜ் பேனாவைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி சொருகிக்கொண்டான். எனக்கும் இவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானும்தான் இத்தனை வருஷம் தாளிக்கிறேன், எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் வெடிக்கும், வெள்ளையாகாது. ஜெபராஜ் விடாமல் ரேடியேட்டர் குழாயைக் கழற்றிக் காட்டினான். "உள்ள பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அடைச்சிருக்கு. உப்புத் தண்ணி." இவர் "சுண்ணாம்புமா" என்றார். வடிவின் அப்பா வெற்றிலை போடுகிறவர், அந்த வாரம்தான் வந்துவிட்டுப் போயிருந்தார். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது.

பஞ்சாயத்து அந்தக் கார் கொட்டகையில்தான் நடந்தது. மூக்கையா மாமா சாதாரண ஆள் இல்லை. பால் சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, பால்மானி, அதைத் துண்டில் சுற்றிக் கையோடு கொண்டு வந்துவிட்டார். நான் டம்ளர் கொண்டுவந்தேன். நல்ல டம்ளர் கேட்டார், பழையதுதான் கொடுத்தேன். எஞ்சினிலிருந்து அதைப் பிடித்து நிரப்பினார்கள். எல்லாரும் வட்டமாக நின்றோம். எலுமிச்சை மண்டியிலிருந்து வந்த ஒருவர், "ஒரு பழத்தைப் பிழிஞ்சு பாப்போம், பால் பொருளா இருந்தா திரிஞ்சிரும்" என்றார். உடனே இன்னொருவர், "மோருங்கிறதே திரிஞ்சதுதானே வேய், அதை எங்க போயி இன்னும் திரிக்கது" என்றார். அதில் கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் ஒரு பழத்தைப் பிழிந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, ஏற்கெனவே திரிஞ்சதுதான்" என்று முடிவு செய்தார்கள்.

பிறகு மாமா பால்மானியை மெதுவாக உள்ளே விட்டார். அது மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. தலைவரைக்கும் முங்கி அடியில் போய்த் தட்டிற்று. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நாங்களும் கூடவே குனிந்தோம்.

"தண்ணி," என்றார். "நெறையத் தண்ணி கலந்திருக்கு."

ஜெபராஜ் துள்ளிக்கொண்டு வந்தான். "அதைத்தான மாமா நானும் அன்னைலேருந்து சொல்லுதேன்."

"நீ சும்மா இருல," என்றார் மாமா. "நெறையத் தண்ணி கலந்த மோரு."

எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். அவள் அதுவரைக்கும் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றாள். எஞ்சினைக் கெடுத்தாள் என்று இவர் சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. இப்போது வந்தாளே முன்னால்.

"என் மோர்ல தண்ணியா? மாமா, எஞ்சின்ல ஊத்துனேன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். தண்ணி மோர் விக்கேன்னு மட்டும் சொல்லாதிய. தெரு பூரா எனக்கு வாடிக்கை இருக்கு."

"அப்ப ஊத்துனத ஒத்துக்கிடுத" என்றார் இவர்.

"நான் ஊத்தியிருந்தா இந்நேரம் அது வெண்ணெயா தெரண்டிருக்கும். ஒங்க காரு அந்த ஓட்டம் ஓடுதுல்லா."

கொழுந்தனார் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். போகிறபோது வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் நம்புதியளாக்கா?" என்றாள்.  நான் நம்பவில்லை. ஆனால் பால்மானி அடியில் கிடக்கிறது. படித்தவர்கள் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அன்று மத்தியானம் அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒன்று மட்டும் நான் அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னேன். "இதை யார் செஞ்சிருந்தாலும் என்னைக்காவது வெளிய வரும். அன்னைக்கு ஆம்பளை பொம்பளை பாக்கக்கூடாது, மூத்தவ எளையவ பாக்கக்கூடாது. வடிவு செஞ்சிருந்தா வடிவு விழணும். செய்யலன்னா, செஞ்சவுக வந்து வடிவு கால்ல விழணும்." மூக்கையா மாமா சரி என்றார், எங்கள் வீட்டுக்காரர் சரி என்றார், மண்டிக்காரர்களும் சரி என்றார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சொன்னதில், அந்த ஒன்றைத்தான் எல்லாரும் ஒரே வாயாகச் சரி என்றார்கள்.

ஆனால் வெளியே வரவில்லையே. அவள் இன்றைக்குப் போகிறாள். குற்றம் செய்தவள் மாதிரி போகிறாள், நானும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். விடிந்ததிலிருந்து அந்தப் பக்கம் பாத்திரம் கட்டுகிற சத்தம். அந்த இட்லிக் கொப்பரை பொதுவானது, அதையும் எனக்கே வைத்துவிட்டாள். கோபத்தில் எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். வடிவு இல்லை, வேறு ஒருவர் என்று தெரிந்தால் போதும் தம்பி. அந்த ஆட்டுக்கல்லை நானே ஆட்டோவிலிருந்து இறக்கிவிடுவேன். இடுப்பு பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

என்ன கேட்கிறீர்கள்? ஆமாம், நேற்று உங்களிடம் போனில் சொன்னாரே, நீங்கள் வருகிறீர்கள் என்று புதுக் கூலண்டு ஊற்றி வைத்திருக்கிறார். ஓடாத வண்டியானாலும் துருப்பிடிக்காமல் இருக்குமாம். நேற்று சாயந்திரம் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினார்.

என்ன, இல்லையா? தண்ணீரா? நன்றாகப் பார்த்தீர்களா?

ஐயோ, இன்றைக்குமா. சாமான் கட்டுகிற நாளில்கூட விடவில்லையா அந்தப் பாவி. சங்கிலி நன்றாகத்தானே கிடந்தது. நான் விடியற்காலையில் தண்ணீர் மாற்றும்போது பூட்டை இழுத்துப் பார்த்தேனே.

எந்தத் தண்ணீரா? காருக்குத்தான். இன்று வெள்ளிக்கிழமை இல்லையா. அதைத்தான் முதலிலேயே சொன்னேனே. அழுக்குத் தண்ணீரோடு கொடுத்தோம் என்று நீங்கள் நாளைக்குச் சொல்லக்கூடாது பாருங்கள். அந்தக் கீழ்க்குழாய்தான், ஆமாம். அதோ அந்தக் குடத்தில் வடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன், செடிதான் பிழைக்கவில்லை. நிறமா? பச்சை. ஐசக் காலத்தில் கொஞ்சம் பழுப்பாக வரும், அவ்வளவுதான். இந்த வருஷம்தான் இப்படி, ஒரே வாரத்தில் பச்சைப் பசேல் என்று பாசி பிடித்துவிடுகிறது. கையில் தொட்டால் வழுவழுவென்கிறது. இன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. இவர் எந்தக் குளத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறாரோ என்று நினைத்துக்கொள்வேன். ஓடாத வண்டியில் எப்படிப் பிடித்தது என்று இன்றைக்குத்தான் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. மழைக்காலம் இல்லையா.

புரையேறிவிட்டதா? தலையில் தட்டுங்கள். யாரோ உங்களை நினைக்கிறார்கள். நெஞ்சைத் தடவிவிடுங்கள். மெதுவாக.

இருங்கள் தம்பி, எனக்கு ஒன்று தோன்றுகிறது. நேற்று சாயந்திரம் கூலண்டு இருந்தது. இன்று காலை இல்லை. கொழுந்தனார் நேற்றே வாசுதேவநல்லூர் போய்விட்டார். வடிவு? அவள் இந்தக் கதவைத் தாண்டவில்லை. நான்தான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேனே, ராத்திரி பூரா டிரங்குப் பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். விடிந்த பிறகு கொட்டகையில் நானே இருந்தேன். என்னைத் தவிர ஈ காக்காய் வரவில்லை. அப்படியானால் வடிவு இல்லை. தம்பி, வடிவு இல்லவே இல்லை. இதற்கு நானே சாட்சி. எந்தப் பஞ்சாயத்திலும் வந்து சொல்வேன்.

ஏன் என்னையே அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு யார் என்று தெரிந்துவிட்டதா? தெரிந்துவிட்டது, உங்கள் முகத்திலேயே இருக்கிறது. நாலு ஊர்க் கார் பார்த்தவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா. எனக்கு இப்போது சொல்ல வேண்டாம். அதோ பாருங்கள், இவர் வருகிறார், மூக்கையா மாமாவும் குடையோடு வருகிறார். பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொழுந்தனாரும் வருகிறார், அந்த ஓரமாக, பேசாமல். எல்லாரும் வந்துவிடட்டும். எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். வயசானவர்கள், பெரிய குடும்பம், பொம்பளை என்றெல்லாம் தயங்கக்கூடாது. யாராக இருந்தாலும் சரி, பெயரைச் சொல்லிவிடுங்கள்.

வடிவு, ஏ வடிவு. கட்டினது போதும், வெளியே வா. புக்கை அப்புறம் எடுக்கலாம். இந்தத் தம்பி கண்டுபிடித்துவிட்டார். இங்கே, நடுவில் வந்து நில். மாமா, அந்த நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாகப் போடுங்கள், கால் ஆடும், பார்த்து. கொழுந்தனாரே, நீங்களும் தள்ளி நில்லுங்கள். விழுகிறவர்களுக்கு இடம் வேண்டும்.